‘ஆம்’ என்று எழுதுபவருக்கு என்ன பதில்?

பழைய குற்றத் தண்டனை ஒன்று இருந்தால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆக முடியுமா? முடியும் என்கிறது சட்டம். அதைச் சொல்லித்தர ஆள்தான் இல்லை.

விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் தீபாவளிச் சீட்டு நடத்தியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 100 ரூபாய். ஐப்பசி பிறந்தால் பலகாரம், எவர்சில்வர் பாத்திரம், ஒரு கிராம் தங்கக் காசு. நாலு வருடம் சொன்னபடி கொடுத்தார். ஐந்தாம் வருடம் சீட்டுப் பணத்தை எடுத்து நொடித்துக்கொண்டிருந்த கடையில் போட்டார். தீபாவளி வந்தது, பணம் வரவில்லை. தெருவே திரண்டு காவல் நிலையத்துக்குப் போனது. வழக்கு, ஜாமீன், வாய்தா, தீர்ப்பு, சிறை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. வெளியே வந்தவர் எங்கெங்கோ கூலி வேலை பார்த்து, வாங்கிய பணத்தில் முக்கால்வாசியைச் சிறுகச் சிறுக அடைத்தும்விட்டார். வயது ஐம்பதை நெருங்குகிறது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் நாலு வீடு ஏறி இறங்கிப் பேசுவது. “ஏஜென்சி எடுங்களேன், உங்களுக்கு வாய் இருக்கு” என்கிறார் ஒருவர்.

இவர் என் கற்பனை மனிதர். ஆனால் இவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இவர் கைக்கு வரும் விண்ணப்பமும் நிஜமானது. பெயர், முகவரி, பான் எண், படிப்பு எல்லாம் கேட்ட பிறகு, நீதிமன்றத்தால் நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா என்பதற்கும் உறுதிமொழி கேட்கிறது அது. அந்த இடத்தில் பேனா நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “இல்லைன்னு போட்டுட்டுப் போங்க, யார் பார்க்கப் போறா?”

அப்படிச் சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ‘ஆம்’ என்று எழுதினால் அத்தோடு முடிந்தது என்று நம்புகிறார். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கை தவறு என்பதைப் பற்றியது.

*

1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 42ஆம் பிரிவு, யார் ஏஜென்ட் ஆகலாம், யார் ஆகக்கூடாது என்று வகுக்கிறது. சிறார்கள் கூடாது. மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் கண்டவர்கள் கூடாது. அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது. கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல் ஆகிய நான்கில் ஒன்றிலோ, அதற்கு உடந்தையாக இருந்ததிலோ, முயன்றதிலோ குற்றவாளி என்று நீதிமன்றம் கண்டவர் ஏஜென்ட் ஆகும் தகுதியை இழக்கிறார்.

நாலே நாலு குற்றங்கள். சட்டப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான குற்றங்கள் இருக்கும்போது இந்த நான்கை மட்டும் எடுத்து வைத்திருப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அடிதடியில் தண்டனை பெற்றவர் இந்தப் பட்டியலில் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் இல்லை. கொலைக் குற்றம்கூட இல்லை. காசோலை பணமில்லாமல் திரும்பி வந்ததற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்ட சிறு வியாபாரிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அந்தப் பிரிவும் இல்லை. அடுத்தவர் பணத்தையும் நம்பிக்கையையும் கையில் வாங்கிக்கொண்டு துரோகம் செய்தாரா என்பது ஒன்றே சட்டத்தின் கேள்வி. கேள்வி இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். பட்டியலில் இல்லாத குற்றம் செய்தவரை நிறுவனம் தன் சொந்தக் காரணங்களுக்காக வேண்டாம் என்று சொல்லலாம். சட்டம் அவரைத் தடுக்கவில்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் சீட்டுக்காரர் இந்த வலைக்குள் நேராக விழுகிறார். சீட்டு வழக்குகளில் தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997 சேர்ந்து வந்தாலும், கூடவே வருவது எல்லோருக்கும் வாயில் பழகிய 420. ஏமாற்றுதல். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் அந்த எண் மாறி 318 ஆகிவிட்டது. கையாடல் 314, நம்பிக்கை மோசடி 316, போலி ஆவணம் 336. எண்கள்தான் புதியவை, குற்றங்கள் பழையவை.

அவர் தகுதியிழந்தவர்தான். ஆனால் அதே உட்பிரிவின் கீழே ஒரு நிபந்தனை வாசகம் தொங்குகிறது. தண்டனை முடிந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், அந்தத் தீர்ப்பு இனி தகுதியிழப்பாகச் செயல்படாது என்று ஒழுங்குமுறை ஆணையம் ‘சாதாரணமாக’ அறிவிக்க வேண்டும். 2015இல் இந்தப் பிரிவு முழுவதையும் நாடாளுமன்றம் மாற்றி எழுதியது. ஏஜென்ட்டுக்கு ஆணையம் லைசென்ஸ் கொடுக்கும் முறை போய், நிறுவனமே நியமித்துக்கொள்ளும் முறை வந்தது. அவ்வளவு மாற்றத்திலும் இந்த வாசகத்தைக் கைவிடவில்லை.

‘சாதாரணமாக’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ‘அறிவிக்கலாம்’ என்று எழுதியிருந்தால் அது அதிகாரியின் தயவு. ‘அறிவித்தே தீர வேண்டும்’ என்றிருந்தால் யோசிக்க இடமில்லை. சாதாரணமாக அறிவிக்க வேண்டும் என்றால், அறிவிப்பதுதான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு, மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று பொருள். ஒருவர் திருந்தியதை நிரூபிக்கும் சுமையைச் சட்டம் அவர் தலையில் மட்டும் ஏற்றவில்லை. ஐந்து வருடம் போனால் நாம் நம்பத் தொடங்க வேண்டும் என்று அரசுக்கே ஒரு கடமையை வைத்திருக்கிறது. இத்தனை கனிவான ஒரு வாசகத்தை நம் சட்டங்களில் நான் அதிகம் கண்டதில்லை. அதை எந்தக் கிளை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் கண்டதுமில்லை.

ஏன் என்பதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. தகுதியில்லாமல் ஏஜென்ட்டாகச் செயல்படுபவருக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை. அப்படிப்பட்டவரை நியமித்த நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை. கிளை மேலாளரின் நிலையில் இருந்து பாருங்கள். எதிரே ஒரு விண்ணப்பம். அதில் ‘ஆம்’ என்று ஒரு பதில். ஹைதராபாத்தில் இருக்கும் ஆணையத்துக்கு எழுதி, அறிவிப்பு வாங்கி, பிறகு நியமிப்பதா? அல்லது “அப்புறம் சொல்றோம்” என்று விண்ணப்பத்தை மேசை அறைக்குள் வைப்பதா? அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் யாரும் வழி காட்டவில்லை.

*

இங்கே ஒரு நிமிடம் மறுபக்கம் நின்று பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் என்பவர் வெறும் விற்பனையாளர் இல்லை. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யார் பெயரில் நிலம், மகளுக்கு எப்போது கல்யாணம் எல்லாம் அவருக்குத் தெரியும். நாமினி பெயரைச் சொல்லும்போது மனிதர்கள் தங்கள் சாவைப் பற்றிப் பேசுகிறார்கள். கிராமங்களில் இன்றும் தவணைப் பணத்தை ஏஜென்ட்டிடமே கொடுத்து, “நீங்களே கட்டிடுங்க தம்பி” என்பவர்கள் உண்டு.

1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதன் ஆபத்தைச் சொல்லும். எல்.ஐ.சி. பாலிசிதாரர் ஒருவர் அரையாண்டுத் தவணைக்காக ஏஜென்ட்டிடம் பேரர் காசோலை கொடுத்தார். ஏஜென்ட் அதைப் பணமாக்கினார், கட்டவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். இறந்த மறுநாள் ஏஜென்ட் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். பாலிசி அதற்குள் காலாவதியாகியிருந்தது. தவணை வசூலிக்க ஏஜென்ட்டுக்கு அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகாது என்று சொல்லிக் குடும்பத்தின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அந்த இரண்டு மாதத் தாமதத்தின் விலையை அந்த வீடு கொடுத்தது.

ஆகவே இந்தத் தொழில் ஆள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பழைய கையாடலைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று நான் வாதாட வரவில்லை. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்திய இன்சூரன்ஸ் வரலாற்றின் பெரிய கொள்ளைகள் சைக்கிளில் போன ஏஜென்ட் செய்தவை இல்லை. 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணம் இரண்டு கோடிக்கு மேல் எப்படிப் போனது என்று கேட்டார். தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தண்டிக்கப்பட்டார். 1962இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டை அரசு கையிலெடுத்ததற்கும், அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்ததற்கும் இப்படிப்பட்ட மோசடிகள் ஒரு காரணம். மறு ஆண்டே முந்த்ரா விவகாரம். சரிந்துகொண்டிருந்த ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் எல்.ஐ.சி. ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் போட்டது வெளியே வந்து, நீதிபதி சாக்ளா விசாரித்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பழைய தண்டனையைப் பற்றிய விண்ணப்பக் கேள்வி எதுவும் அந்த இரண்டையும் தடுத்திருக்காது.

*

ஐந்து ஆண்டு என்பதை எங்கிருந்து எண்ணுவது? இதில் பலர் தவறிவிடுகிறார்கள். குற்றம் நடந்த நாளிலிருந்து இல்லை. தீர்ப்பு வந்த நாளிலிருந்தும் இல்லை. தண்டனை முடிந்த நாளிலிருந்து. நம் நீதிமன்றங்களின் வேகத்தில் இந்த வேறுபாடு ஒரு மனிதனின் வாழ்நாளில் பாதியைத் தின்றுவிடும். 30 வயதில் செய்த குற்றத்துக்கு 38இல் தீர்ப்பு, மேல்முறையீடு, அதுவரை தண்டனை நிறுத்திவைப்பு, 45இல் மேல்முறையீடு தள்ளுபடி, பிறகு ஒன்றிரண்டு வருடச் சிறை. கணக்கு தொடங்கும்போது வயது 47. தண்டனையை நிறுத்திவைத்தால் தீர்ப்பும் நின்றுவிட்டது என்று நினைத்து அந்த இடைக்காலத்தில் ‘இல்லை’ என்று எழுதுபவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். நின்றது தண்டனைதான், தீர்ப்பு நிற்கவில்லை.

எதெல்லாம் தீர்ப்பு இல்லை என்பதும் தெரிய வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பது குற்றத்தீர்ப்பு ஆகாது. குற்றப்பத்திரிகையும் ஆகாது. விடுதலையானவர் விடுதலையானவர்தான். ஏமாற்றுதல் வழக்கை, பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடும் நீதிமன்ற அனுமதியோடும் சமாதானமாக முடித்துக்கொள்ள வழி உண்டு. அப்படி முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலைக்குச் சமம். போலி ஆவண வழக்குக்கு அந்த வழி கிடையாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முதல்முறை தவறியவரைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ நீதிபதி விடலாம். எச்சரித்து விடக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 420 பெயர் சொல்லியே இருந்தது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இவ்விதம் விடப்பட்டவருக்கு, வேறெந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும், தீர்ப்போடு ஒட்டிவரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது. குற்றவாளி என்ற முடிவு அழிந்துவிடாது. அதன் வால் மட்டும் அறுந்துவிடும். அதாவது சீட்டுக்காரரின் வக்கீல், முதல் குற்றம், பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று காட்டி நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்டுப் பெற்றிருந்தால், ஐந்து ஆண்டுக் காத்திருப்புக்கே தேவை இருந்திருக்காது. எத்தனை வக்கீல்கள் கேட்கிறார்கள்? கீழமை நீதிமன்றங்களில் தண்டனையின் அளவைப் பேசும் அந்தக் கடைசிக் கட்டத்தில் “குடும்பம் இருக்கிறது, கருணை காட்டுங்கள்” என்பதோடு பல நேரம் வாதம் முடிந்துவிடுகிறது. அந்த நாலு சொல்லுக்குப் பதிலாக ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு மனிதனுடைய அடுத்த இருபது வருடம் மாறியிருக்கும்.

சிறு வயதில், சிறார் நீதி வாரியத்தின் முன் நின்றவர்களுக்கும் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதேபோல் பாதுகாப்புத் தருகிறது. பதினாறு வயதைத் தாண்டிக் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டவர்கள் அதில் சேரமாட்டார்கள்.

*

“யார் பார்க்கப் போறா?” என்ற கேள்விக்கு வருவோம்.

இன்று பார்க்கிறார்கள். பான் எண்ணை வைத்து ஏஜென்ட்டுகளின் மையப் பட்டியலையும் கருப்புப் பட்டியலையும் சரிபார்ப்பது நடைமுறையாகிவிட்டது. காவல்துறையின் பதிவுகள் கணினிக்கு வந்துவிட்டன. ஆனால் மாட்டிக்கொள்வோம் என்பதற்காக உண்மை எழுதச் சொல்வது எனக்கு உவப்பானதில்லை. வேறொரு காரணம் இருக்கிறது.

2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், அரசு வேலைக்கான விண்ணப்பங்களில் பழைய வழக்கை மறைப்பது பற்றி விரிவாகப் பேசினார்கள். கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும். அற்பமான குற்றமென்றால் மறைத்ததையும் மன்னிக்கலாம். பெரிய குற்றத்தை மறைத்தால் வேலையை ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். அது அரசு வேலை பற்றியது, ஏஜென்சி பற்றியதில்லை. ஆனாலும் அதன் தர்க்கம் இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. ஒருவர் பத்து வருடம் முன்பு செய்தது பழைய நேர்மையின்மை. ‘இல்லை’ என்று இன்று எழுதினால் அது புது நேர்மையின்மை. ஐந்து வருடம் காத்திருந்து சம்பாதித்த உரிமையை அந்தப் பேனா ஒரு நொடியில் கரைத்துவிடுகிறது.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2011இல், இன்னொரு தீர்ப்பு. டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், இளம் வயதில் தன்மேல் இருந்த, பிறகு சமாதானமாகிவிட்ட அடிதடி வழக்கைச் சொல்லாமல் விட்டார். இளமையில் தவறுவது இயல்பு, ஆயுளுக்கும் முத்திரை குத்த வேண்டாம் என்று அவர் பக்கம் நின்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் நினைவுகூர்ந்த பாத்திரம், விக்டர் ஹியூகோவின் ழான் வல்ழான்.

தமிழனுக்கு அந்தக் கதை அந்நியம் இல்லை. சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் அதே பெயரில் நாகையா நடித்துப் படம் வந்தது. விடாமல் துரத்தும் காவல் அதிகாரி ஜாவர் வேடத்தில் நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே நிலைத்து, கடைசிவரை அவர் ஜாவர் சீதாராமன்தான். தண்டனை முடிந்து வெளியே வருபவன் கையில் ஒரு மஞ்சள் அனுமதிச்சீட்டு. எந்தச் சத்திரத்தில் காட்டினாலும் கதவைச் சாத்துகிறார்கள். காட்டாமல் இருந்தால் அது இன்னொரு குற்றம். நாவலில் அவன் பெயரை மாற்றிக்கொண்டுதான் நகரத்தின் மேயராகிறான். உண்மையைச் சொல்லி வாழ அவனுக்கு அந்தச் சட்டம் இடம் வைக்கவில்லை. நம் சட்டம் வைத்திருக்கிறது. அதுதான் வித்தியாசம், அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

*

அமெரிக்காவைப் பார்த்தால் நம் வாசகத்தின் அருமை இன்னும் புரியும்.

எண்பதுகளில் அங்கே பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்தன. ஜான் டிங்கல் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு 1990இல் அதைப் பற்றிக் கடுமையான அறிக்கை கொடுத்தது. 1994இல் கிளின்டன் கையெழுத்திட்ட பெரிய குற்றத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு நுழைந்தது. நேர்மையின்மை அல்லது நம்பிக்கைத் துரோகம் சார்ந்த பெருங்குற்றத்தில் தீர்ப்பு பெற்றவர் இன்சூரன்ஸ் தொழிலில் தெரிந்தே ஈடுபட்டால் ஐந்து வருடம் வரை சிறை. தெரிந்தே அவரை ஈடுபடுத்துபவருக்கும் அதே தண்டனை. கால வரம்பு கிடையாது. இருபது வயதில் செய்தது அறுபது வயதிலும் செல்லும். ஒரே வழி, மாநில இன்சூரன்ஸ் ஆணையர் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு எழுத்தில் தரும் சம்மதம். லைசென்ஸ் வேறு, இந்தச் சம்மதம் வேறு. லைசென்ஸ் கையில் இருந்தும் சம்மதம் இல்லாமல் மாட்டிக்கொள்ளலாம்.

அதன் மேல் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். புளோரிடாவில் சில குற்றங்களுக்கு ஏழு வருடம், சிலவற்றுக்குப் பதினைந்து, பணச்சலவை போன்றவற்றுக்கு ஆயுள் முழுக்கத் தடை. ஆனால் அங்கும் கற்க ஒன்று உண்டு. டெக்சாஸில், படிப்புக்கும் தேர்வுக்கும் பணம் கட்டும் முன்பே, “என் மேல் இப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது, எனக்கு லைசென்ஸ் கிடைக்குமா?” என்று அதிகாரியிடம் எழுதிக் கேட்டுப் பதில் கடிதம் வாங்கலாம். வங்கித் துறை இன்னும் இளகிவிட்டது. 2022 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஏழு வருடத்துக்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களுக்கு அங்கே வங்கி வேலைக்குத் தனிச் சம்மதமே தேவையில்லை. காசாளர் மேசைக்கு வரலாம், பாலிசி விற்கத்தான் மன்னிப்பு வேண்டும் என்ற முரண் இன்றும் தொடர்கிறது.

ஐந்தா, ஏழா, பதினைந்தா? இந்த எண்களுக்கு ஆதாரம் என்ன? குற்றவியல் ஆய்வாளர்கள் மேகன் கர்லிசெக், ராபர்ட் பிரேம், ஷான் புஷ்வே 2006இல் ஃபிலடெல்ஃபியாவில் 1958இல் பிறந்தவர்களின் காவல் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். இளம் வயதில் கைதானவர்கள் ஆறேழு வருடம் மறுபடி சிக்காமல் இருந்துவிட்டால், அவர்கள் புதிதாகக் குற்றம் செய்யும் வாய்ப்பு, ஒருபோதும் கைதாகாதவர்களின் வாய்ப்பை ஏறக்குறைய நெருங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஓர் அமெரிக்க நகரத்து இளைஞர்களைப் பற்றிய கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் தண்டனை முடிந்த பிறகு ஐந்து ஆண்டு என்று எழுதியவர்கள் காற்றில் எழுதவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதையெல்லாம் இன்சூரன்ஸ் தொழிலுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கையற்ற உண்மை. கடந்த காலத்தை எடைபோடுவதே அதன் தொழில். மாரடைப்பு வந்தவரைக் கண்டவுடன் விரட்டுவதில்லை. வந்து எத்தனை வருடம், இப்போது இ.சி.ஜி. எப்படி என்று பார்த்து, கூடுதல் பிரீமியம் போட்டு எடுத்துக்கொள்கிறது. அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஆயுள் பாலிசி எடுத்து மூன்று வருடம் ஆகிவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. பாலிசிதாரர் எதையோ மறைத்திருந்தாலும் மூன்று வருடம். ஏஜென்ட் தண்டனை அனுபவித்து முடித்து ஐந்து வருடம். 42க்கும் 45க்கும் இடையே அதிகத் தூரம் இல்லை. பழையது ஒரு நாள் பழையதாகிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் இரண்டிலும் ஓடுகிறது.

*

புழல், வேலூர், கோவை போன்ற இடங்களில் தமிழ்நாடு சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் பெட்ரோல் பங்க் நடத்துகின்றன. தண்டனைக் கைதிகளே நின்று பெட்ரோல் போடுகிறார்கள், பணம் வாங்குகிறார்கள், சில்லறை எண்ணிக் கொடுக்கிறார்கள். தண்டனை முடியாதவரின் கையில் அரசு பணத்தைக் கொடுத்து நம்புகிறது. தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆனவரிடம் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. ஆணையம் ஒரு பக்கத்தில், தமிழிலும் மற்ற மொழிகளிலும், யார் மனு செய்யலாம், என்னென்ன தாள்கள், எந்த முகவரி, எத்தனை நாளில் பதில் என்று அச்சிட்டு எல்லாக் கிளைகளிலும் ஒட்டச் சொல்லலாம். ஏஜென்ட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்னும்போது இதுவும் தமிழில் இருப்பது முடியாத காரியமில்லை. டெக்சாஸ் போல, தேர்வுக்கு முன்பே கேட்டறியும் வழியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அச்சம் இருக்கும் இடத்தில் நிறுவனம் நிபந்தனை போடட்டும்: முதல் மூன்று வருடம் ஏஜென்ட் ரொக்கம் தொடக்கூடாது, தவணையெல்லாம் யு.பி.ஐ.யிலோ வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகவோ போக வேண்டும். நான் இதைத் தண்டனையாகச் சொல்லவில்லை. மாரடைப்புக்காரரின் கூடுதல் பிரீமியம் போலத்தான்.

நியமனத்தை மறுத்தால், 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். “அப்புறம் சொல்றோம்” என்பது மறுப்பு ஆகாது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் சீட்டுக்காரர் இப்போது என்ன செய்ய வேண்டும்? தீர்ப்பின் சான்றிட்ட நகல். அபராதம் கட்டிய ரசீது. சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட தேதியைக் காட்டும் சான்று. ஐந்து வருடக் கணக்கின் முதல் நாள் அதில்தான் இருக்கிறது. மேல்முறையீடு இருந்தால் அதன் முடிவு. காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று. எல்லாவற்றையும் வைத்து, ஆணையத்தின் பெயருக்கு, 42ஆம் பிரிவின் அந்த வாசகத்தைக் குறிப்பிட்டு ஒரு மனு. அதன் நகலோடு விண்ணப்பத்தில் ‘ஆம்’.

இன்னொரு தாளும் சேர்க்கலாம். சட்டம் அதைக் கேட்கவில்லை. வாங்கிய சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒவ்வொரு வீட்டிலும் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி வாங்கிய கையெழுத்துகள். சிலவற்றில் பெருவிரல் ரேகை. ஏஜென்சி கோடு கிடைத்தால் அவர் முதல் பாலிசிக்காகப் படியேறப் போவதும் அதே வீடுகள்தான். எந்த வீட்டுக்கு எவ்வளவு போனது என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். எவ்வளவு திரும்பி வந்தது என்பதும் தெரியும்.